பேட்லேண்ட்ஸ் மண்ணில் அப்பாவோடு நான்கு நாள்

முதல் நாள், வியாழன் இரவு

காலை ஐந்து மணிக்கு மினியாபொலிஸிலிருந்து கிளம்பினோம். இவர், நான், ஏழு வயது மகள், பெரம்பலூரிலிருந்து மூன்று மாதம் எங்களோடு இருக்க வந்திருக்கிற அப்பா. போகிற இடம் யெல்லோஸ்டோன். வழியில் தெற்கு டகோட்டா மாநிலத்தில் பேட்லேண்ட்ஸ் தேசியப் பூங்கா வருகிறது, அங்கே மூன்று இரவு தங்கியே தீர வேண்டும் என்று நான்தான் பிடிவாதம் பிடித்தேன். அந்த வழியில் போய்வந்தவர்கள் எல்லோரும் "ரெண்டு மணி நேரம் போதும், நிறுத்தி நிறுத்தி போட்டோ எடுத்துட்டுப் போயிடுங்க" என்றார்கள். ஆறு வருடம் முன்னால் நாங்களும் அப்படித்தான் போனோம். ஜூலை மாத உச்சி வெயில், எங்கே பார்த்தாலும் வெளிறிப்போன சாம்பல் மேடுகள், ஏசியை விட்டு இறங்க மனமில்லை. பூங்காவை விட்டு வெளியே வரும் நேரத்தில் ஒரு மேகம் வந்து வெயிலை மறைத்தது. அந்த இரண்டு நிமிடத்தில் அத்தனை மேடுகளிலும் வரிவரியாகச் செம்மண் நிறம் எழும்பி வந்தது. வண்டி நிற்கவில்லை, போய்விட்டோம். அது அப்போதிலிருந்தே மனசில் கிடக்கிறது.

இன்னொரு காரணம் அப்பா. நாற்பது வருடமாகப் பருத்தியும் மக்காச்சோளமும் சின்ன வெங்காயமும் போடுகிறவர், கரிசல் மண்ணில் கால் பதித்தே வளர்ந்தவர். மினியாபொலிஸில் இரண்டு வாரமாக ஏரியையும் ஷாப்பிங் மாலையும் காட்டினோம், எல்லாவற்றுக்கும் "நல்லாருக்கு பாப்பா" என்று சொல்லிவிட்டு உட்கார்ந்துகொண்டார். அவருக்கு மண்ணைக் காட்ட வேண்டும் என்று தோன்றியது.

90ஆம் நெடுஞ்சாலையைப் பற்றிச் சொல்ல அதிகம் இல்லை. சூ ஃபால்ஸ் தாண்டியதும் 80 மைல் வேகத்துக்கு அனுமதி, சாலை நூல் பிடித்த மாதிரி நேராகப் போகிறது. சேம்பர்லின் ஊரில் மிசௌரி ஆறு. கரைமேல் 50 அடி உயரத்தில் ஒரு லக்கோட்டா பூர்வகுடிப் பெண்ணின் சிலை நிற்கிறது, 2016இல் வைத்தது, பெயர் டிக்னிட்டி. தோளுக்குப் பின்னால் நட்சத்திரப் போர்வையை விரித்துப் பிடித்திருக்கிறாள், அதில் பதித்த நீலத் தகடுகள் காற்றில் அசைகின்றன. அப்பா ஆற்றைத்தான் பார்த்தார். "இவ்ளோ தண்ணி சும்மா போவுது" என்றார். ஆற்றுக்குக் கிழக்கே சோளமும் சோயாவுமாக இருந்த நிலம், மேற்கே ஏறியதும் வெறும் புல்லாக மாறிவிட்டது. அப்பா அதையும் கவனித்துவிட்டு இங்கே மழை எவ்வளவு என்று கேட்டார். பூங்காப் பக்கம் வருடத்துக்குச் சுமார் 16 அங்குலம், அதாவது 400 மில்லிமீட்டர் என்றேன். அதற்குப் பிறகு ரொம்ப நேரம் பேசவில்லை.

மர்டோ தாண்டியதும் கடிகாரத்தை ஒரு மணி நேரம் பின்னால் தள்ள வேண்டும். 131ஆம் வெளிவழியில் இறங்கித் தெற்கே திரும்பினால் சில மைலில் பூங்கா வாசல், ஒரு வண்டிக்கு 30 டாலர், ஏழு நாளுக்குச் செல்லும். வாசல் வரை சமதளமான புல்வெளிதான். மலை இல்லை, மேடு இல்லை, எதுவும் வரப்போகிற அறிகுறியே இல்லை. முதல் பார்வைத் தளத்தில் வண்டியை நிறுத்தி விளிம்புக்குப் போனால் தரை அங்கேயே முடிந்துவிடுகிறது. கீழே கண்ணுக்கு எட்டிய தூரம் கூர்கூராக, மடிப்பு மடிப்பாக, ஆயிரம் கோபுரங்கள் பாதி கரைந்து நின்றுபோன மாதிரி ஓர் உலகம்.

நான் அதுவரை மலை ஏறித்தான் மலையைப் பார்த்திருக்கிறேன். இங்கே நாம் நிற்கிற புல்தரைதான் உச்சி, மலையெல்லாம் காலுக்குக் கீழே இருக்கிறது. யாரும் கட்டி எழுப்பியது இல்லை, நடுவில் இருந்த மண் போனதால் மிச்சம் நிற்பது.

அப்பா வெகுநேரம் நின்று பார்த்தார். "பாப்பா, இது நம்ம காரை ஓடைக்காடு" என்றார்.

பெரம்பலூர் மாவட்டத்துக்காரர்களுக்குத் தெரியும். காரை, குளக்காநத்தம் பக்கம் இதே மாதிரி மண் அரித்து ஓடைகள் பிளந்த ஒரு பொட்டல் இருக்கிறது, சுமார் பத்துக் கோடி வருடத்துக்கு முந்தைய கடலடி மண். சின்ன வயதில் அங்கே துப்பாக்கித் தோட்டா மாதிரி இருக்கும் கல்லைப் பொறுக்கியிருக்கிறோம். அது கணவாய்க்கு உறவான ஒரு கடல் உயிரின் உடலுக்குள் இருந்த ஓடு என்பது பெரியவளாகிப் படித்தபோதுதான் தெரிந்தது. அப்பா சொன்னது சும்மா ஒப்பீடு இல்லை. அளவுதான் வேறு, நடந்த வேலை ஒன்றே.

எட்டு மணிக்கு மேல் வெயில் சாயத் தொடங்கியது. அப்புறம்தான் ஆறு வருடமாக நான் காத்திருந்தது நடந்தது. வெள்ளையாகக் கிடந்த மேடுகளில் ஒவ்வொரு வரியாகச் சிவப்பு வந்தது, நடுவே காவி, அடியில் சாம்பல் கலந்த ஊதா. பள்ளங்களில் நிழல் நிரம்ப நிரம்ப ஒவ்வொரு முகடும் தனியாகப் பிரிந்து நின்றது. மகள் ஓடியாடுவதை நிறுத்திவிட்டு அப்பா பக்கத்தில் போய் நின்றாள். நாற்பது நிமிடம் இருக்கும். பக்கத்தில் வந்த மூன்று கார்கள் நின்று, போட்டோ எடுத்து, கிளம்பிப் போயின.

சீடர் பாஸ் முகாமில் கூடாரம் போட்டிருக்கிறோம். பூங்காவுக்குள் விறகு நெருப்பு மூட்டவே கூடாது, புல் பற்றிக்கொள்ளும். கேஸ் அடுப்பில் தண்ணீர் மட்டும் கொதிக்கவைத்துக்கொண்டு, கட்டி எடுத்துவந்த புளிசோற்றைச் சாப்பிட்டோம்.

இரண்டாம் நாள், வெள்ளி மதியமும் இரவும்

நாலரைக்கே அப்பா எழுந்துவிட்டார், அவருக்கு அது வழக்கம். ஐந்து மணிக்கு டோர் டிரெயில் பாதைக்குப் போனோம். பேட்லேண்ட்ஸ் சுவர் என்று சொல்கிற நீளமான மண் அரண் ஒன்று இந்தப் பகுதியைக் குறுக்கே பிளந்துகொண்டு கிட்டத்தட்ட 60 மைல் ஓடுகிறது, பக்கத்து ஊரான வாலுக்கும் (Wall, ஆங்கிலத்தில் சுவர்) அதனால்தான் அந்தப் பெயர். அந்தச் சுவரில் ஒரு உடைப்பு, அதுதான் கதவு. கதவு வரை பலகை போட்ட பாதை. அதற்கு அப்பால் பாதையே கிடையாது, எண் எழுதிய கம்பங்கள் மட்டும், அதைப் பார்த்துக்கொண்டு வெறும் மண்மேல் நடக்க வேண்டியதுதான். அமெரிக்கப் பூங்காக்களில் பெரும்பாலும் பாதையை விட்டு இறங்காதே என்பார்கள். இந்தப் பூங்காவில் எங்கே வேண்டுமானாலும் இறங்கி நடக்கலாம், விழுந்தால் உன் பொறுப்பு. பாம்பும் உண்டு, பிரெய்ரி ராட்டில், வால் கிலுகிலுக்கும் விஷப்பாம்பு. அதனால் கைவைக்கும் இடத்தைப் பார்த்து வைக்கணும்.

அப்பா பலகையின் முனையில் செருப்பைக் கழற்றப்போனார். முள்கள்ளி இருக்கிறது என்று தடுத்தேன். கீழே உட்கார்ந்து மண்ணைத் தடவினார். தூரத்தில் பாறை மாதிரி தெரிகிற அந்தச் சரிவு, பக்கத்தில் பார்த்தால் மேலெல்லாம் சோளப்பொரியை ஒட்டிவைத்த மாதிரி உப்பிய சிறுசிறு கட்டிகளாக இருக்கிறது. விரலால் அழுத்தினால் பொருக்கு நொறுங்கி அடியில் இறுகிய களி தெரிகிறது. தண்ணீர் பாட்டிலை வாங்கி உள்ளங்கையில் ஒரு சிட்டிகை மண்ணில் இரண்டு சொட்டு விட்டுப் பிசைந்தார். வழவழவென்று வெண்ணெய் மாதிரி ஆனது. விரலிடுக்கில் இழுத்தால் நூலாக நீண்டது.

"நம்ம கரிசல் செய்யறத இதுவும் செய்யுது. தண்ணி குடிச்சா உப்பும், காஞ்சா வெடிக்கும். நெறந்தான் வேற" என்றார்.

சரியாகத்தான் சொன்னார். இந்த மண்ணில் பெரும்பங்கு மேற்கே வெடித்த எரிமலைகளின் சாம்பல் காற்றில் வந்து படிந்தது, அது காலப்போக்கில் ஸ்மெக்டைட் என்ற களிமண் கனிமமாக மாறியிருக்கிறது. நம்மூர்க் கரிசலை உப்ப வைப்பதும் வெடிக்க வைப்பதும் அதே வகைக் கனிமம்தான். மழை பெய்தால் உப்புகிறது, வெயிலில் சுருங்கிப் பொரிகிறது, அடுத்த மழை அந்தப் பொரியைக் கழுவிக்கொண்டு போகிறது. வருடத்துக்குச் சராசரியாக ஒரு அங்குலம் கரைகிறதாம். புவியியல் கணக்கில் அது தலைதெறிக்கிற ஓட்டம். ஐந்து லட்சம் வருடம் முன்னால் ஆறுகள் அரிக்கத் தொடங்கின, இன்னும் ஐந்து லட்சம் வருடத்தில் இங்கே எதுவும் இருக்காது. மகளுக்கு ஒரு அங்குலம் எவ்வளவு என்று அப்பா தன் கட்டைவிரல் கணுவைக் காட்டினார். "நான் பொறந்ததுல இருந்து ஏழு விரல் போயிடுச்சா?" என்று கேட்டாள். ஆமாம் என்றார். தன் உயரத்தோடு ஒப்பிட்டுப் பார்த்துக்கொண்டே நடந்தாள்.

ஒன்பது மணிக்கெல்லாம் நிறம் வெளுக்கத் தொடங்கியது. இங்கே வருகிறவர்களுக்கு நான் சொல்வது ஒன்றுதான்: பத்திலிருந்து ஐந்து வரை இந்த நிலத்தைப் பார்த்து முடிவு கட்டாதீர்கள். அந்த நேரத்தில் பார்வையாளர் மையத்துக்குப் போங்கள், நாங்களும் அதைத்தான் செய்தோம். பென் ரைஃபெல் மையம் என்று பெயர். அமெரிக்க நாடாளுமன்றத்துக்குத் தேர்ந்தெடுக்கப்பட்ட முதல் லக்கோட்டா இனத்தவர் அவர்.

உள்ளே ஒரு புதைபடிவ ஆய்வகம். கோடைக்காலத்தில் ஆய்வாளர்கள் நம் கண் முன்னாலேயே உட்கார்ந்து எலும்பைச் சுற்றிய கல்லை, பல் டாக்டரின் கருவி மாதிரி ஒரு சின்னக் குச்சியால் துகள் துகளாகச் சுரண்டுகிறார்கள். கேட்டால் பதிலும் சொல்கிறார்கள். மகள் டைனோசர் எங்கே என்று கேட்டாள். இங்கே டைனோசர் கிடையாது. அடி மண் அடுக்கு பழைய கடல், அதில் மோசசார் என்ற பெரிய கடல் ஊர்வன நீந்தின. மேலே இருப்பது டைனோசர்கள் அழிந்து மூன்று கோடி வருடம் கழித்து வந்த பாலூட்டிகளின் காலம். நாய் அளவே இருந்த மூன்று விரல் குதிரை, சின்ன ஒட்டகம், காண்டாமிருகம் மாதிரி பருத்த புரோன்டோதீர், அப்புறம் ஆட்டையும் பன்றியையும் சேர்த்துச் செய்த மாதிரி ஓரியோடான்ட். குதிரையும் ஒட்டகமும் இந்தக் கண்டத்தில் தோன்றி இங்கிருந்துதான் வெளியே போயின என்றதும் அப்பா நம்பவில்லை. இரண்டு முறை கேட்டு உறுதி செய்துகொண்டார்.

மகளை அசைத்தது வேறு ஒன்று. 2010இல் அவள் வயதே ஆன ஒரு சிறுமி இந்த மையத்துக்குப் பக்கத்திலேயே ஒரு மண்டையோட்டைப் பார்த்து அதிகாரிகளிடம் சொல்லியிருக்கிறாள். அது வாள்பல் பூனை மாதிரியான ஒரு வேட்டை விலங்கின் மண்டை, அபூர்வமாக முழுசாகக் கிடைத்தது. 1993இலும் இப்படித்தான், சுற்றிப்பார்க்க வந்த இரண்டு பேர் கொனாட்டா பக்கம் துருத்திக்கொண்டிருந்த முதுகெலும்பைப் பார்த்துச் சொன்னார்கள். நாலு நாளில் தோண்டி முடித்துவிடலாம் என்று இறங்கிய வேலை பதினைந்து வருடம் நடந்து, 19,000க்கும் மேல் எலும்புகள் வந்தன. ஒரு நீர்க்குட்டை வற்றும்போது குடிக்க வந்து சேற்றில் மாட்டிக்கொண்ட விலங்குகள். நமக்கு எது கண்ணில் பட்டாலும் தொடக் கூடாது, எடுக்கவே கூடாது. இருந்த இடத்திலேயே விட்டு, படம் எடுத்து, இடத்தைக் குறித்து இங்கே வந்து படிவம் எழுதிக் கொடுக்கணும். மகள் அப்புறம் நாள் முழுக்கத் தலையைக் குனிந்தே நடந்தாள்.

மாலை மேற்கே வானம் கறுத்தது. அப்பா புல்வெளியின் விளிம்பைப் பார்த்துவிட்டு "மாப்ள, இது காத்தோட வருது, கூடாரத்தப் பிரிச்சிடலாம்" என்றார். நான்தான் வராது, செயலியில் முப்பது சதவீதம்தான் காட்டுகிறது என்று தடுத்தேன். ஒன்பதே முக்காலுக்கு வந்தது. மினியாபொலிஸில் பார்க்கும் மழை இல்லை இது. தடுக்க மரமோ கட்டடமோ இல்லாத நிலத்தில் முதலில் காற்று வந்து மோதுகிறது, அப்புறம்தான் தண்ணீர். கூடாரத்தின் ஒரு கம்பி வளைந்து துணி முகத்தில் விழுந்தது, மகள் வீறிட்டாள். அப்பா அவளைப் போர்வையோடு வாரித் தூக்கிக்கொண்டு காருக்கு ஓடினார், நாங்கள் இரண்டு பேரும் மிச்சத்தைப் பிடித்து இழுத்துக்கொண்டு பின்னால். 68 வயது மனிதரை அந்த மழையில் ஓடவிட்டேனே என்று இப்போதும் கஷ்டமாக இருக்கிறது. இதைக் காரில் உட்கார்ந்து எழுதுகிறேன். மின்னல் அடிக்கும்போதெல்லாம் அந்தச் சுவர் முழுசாக வெள்ளையாகத் தெரிந்து மறைகிறது. பெரிய இரைச்சல் ஒன்று கேட்கிறது, மழையா ஓடையா என்று பிரிக்க முடியவில்லை.

மூன்றாம் நாள், சனி இரவு

விடிந்ததும் கண்ணாடியைத் துடைத்துப் பார்த்தால் வேறு ஊர். நேற்று வெளிறிக் கிடந்த மண் நனைந்து அடர்ந்து, செவ்வரிகள் ஒவ்வொன்றும் யாரோ குங்குமம் குழைத்துப் பூசின மாதிரி. எல்லாப் பள்ளத்திலும் பால் கலந்த தேநீர் நிறத்தில் தண்ணீர் இறங்கிக்கொண்டிருந்தது. நேற்று நாங்கள் நடந்த தடம் ஒன்றுகூட இல்லை. அப்பா ஒரு சின்ன ஓடை வாய்க்குப் பக்கத்தில் குந்தி உட்கார்ந்துகொண்டார். விரல் அகலத்துக்கு ஓடிய தண்ணீர் ஒரு களிக்கட்டியைச் சுற்றிச் சுற்றி அடியை அறுத்தது. கட்டி சாய்ந்தது, உடைந்தது, கரைந்து போனது. நாலு நிமிடம்கூட ஆகவில்லை. அந்தத் தண்ணீரெல்லாம் தெற்கே ஒயிட் ரிவர் என்ற ஆற்றில் போய்ச் சேர்கிறது. வெள்ளாறு, பெயர் பொருத்தம். அந்தக் களி அடியில் தங்காமல் மிதந்துகொண்டே போவதால் தண்ணீரே வெளுத்திருக்கிறது. அங்கிருந்து மிசௌரி, மிசிசிப்பி, அப்புறம் கடல். "கடல்லேர்ந்து வந்த மண்ணு கடலுக்கே போவுது" என்றார் அப்பா.

ஈரத்துணியெல்லாம் காயவைத்துவிட்டு சாலை வழியாக மேற்கே போனோம். பிக் ஃபுட் பாஸ் என்ற இடத்தில் எல்லோரும் இறங்கினோம். இங்கே காட்சியை மட்டும் பார்த்துவிட்டுப் போகக் கூடாது. 1890 டிசம்பரில், சி டாங்கா, ஆங்கிலத்தில் பிக் ஃபுட், என்ற தலைவரோடு சுமார் 350 லக்கோட்டா மக்கள், குழந்தைகளும் கிழவர்களுமாக, இந்தச் சுவர் வழியாகக் கீழே இறங்கினார்கள். தெற்கே லக்கோட்டா மக்களுக்கு ஒதுக்கிய பைன் ரிட்ஜ் நிலத்தில் அடைக்கலம் தேடிப் போனார்கள். டிசம்பர் 29ஆம் தேதி வூண்டட் நீ ஓடைக்கரையில் அமெரிக்க ராணுவத்தின் ஏழாவது குதிரைப்படை அவர்களைச் சூழ்ந்து சுட்டது. 250 பேருக்கும் மேல் செத்தார்கள், பாதிக்கு மேல் பெண்களும் குழந்தைகளும். பூங்காவின் தெற்குப் பகுதி இன்றும் ஓக்லாலா லக்கோட்டா மக்களின் நிலம். 1942இல் இரண்டாம் உலகப்போருக்காக பைன் ரிட்ஜ் நிலத்தில் சுமார் 3,42,000 ஏக்கரைக் குண்டுவீச்சுப் பயிற்சிக்கு எடுத்துக்கொண்டு 125 குடும்பங்களை வெளியேற்றினார்கள். மாக்கோ ஷீச்சா, மோசமான நிலம் என்று லக்கோட்டா மக்கள்தான் பெயர் வைத்தார்கள், பிரெஞ்சு வேட்டைக்காரர்களும் கடக்கக் கஷ்டமான கெட்ட நிலம் என்றே சொன்னார்கள். ஆனால் லக்கோட்டா மக்கள் அந்தப் பெயரைச் சொல்லிக்கொண்டே இங்கே வேட்டையாடி வாழ்ந்தார்கள். அப்பா தடுப்புக் கம்பியைப் பிடித்துக்கொண்டு கீழே அந்தச் சரிவையே பார்த்தார். "டிசம்பர்ல இங்க பனி இருக்குமா?" என்று கேட்டார். இருக்கும், மைனஸில் போகும் என்றேன். "பிள்ளைங்கள வச்சிக்கிட்டு" என்றார், அவ்வளவுதான்.

கொஞ்ச தூரத்தில் குடியேறிகளின் கதையைச் சொல்லும் பலகை. 160 ஏக்கர் நிலம் தருகிறோம், உழுது பிழைத்துக்கொள் என்று அரசு சொன்னதை நம்பி வந்தவர்கள், மரம் இல்லாததால் புல்வேரோடு மண்ணை வெட்டி அடுக்கி வீடு கட்டினார்கள். 160 ஏக்கர் என்றதும் நம் ஆட்களுக்கு ஜமீன் மாதிரி தோன்றும். அப்பா கணக்குப் போட்டார். பதினாறு அங்குல மழையில், இந்தக் களியில், கிணறும் இல்லாமல், "நூத்தறுவது ஏக்கர்ல ஒரு குடும்பம் கஞ்சி குடிக்க முடியாது" என்றார். 1930களின் வறட்சியில் பெரும்பாலோர் விட்டுவிட்டுப் போனார்கள்.

யெல்லோ மவுண்ட்ஸ் பகுதியில் நிறம் ஒரேயடியாக மாறுகிறது. மஞ்சள் அரைத்துக் குவித்த மாதிரி உருண்ட மேடுகள், மேலே இளஞ்சிவப்பு, அதற்கு மேல் சாம்பல். ஏழரைக் கோடி வருடத்துக்கு முன் இந்த நாட்டின் நடுவில் ஒரு கடல் கிடந்தது. அதன் அடிச்சேறுதான் பியர் ஷேல் என்ற கறுப்பு மண். கடல் வற்றியதும் அந்தக் கறுப்புச் சேற்றின் மேல்பரப்பு காற்றும் மழையும் வேரும் பட்டு மஞ்சள் மண்ணாக மாறியது. அந்தக் கடலில் வாழ்ந்த அம்மோனைட்டின் சுருள் ஓடு மையத்தில் வைத்திருக்கிறார்கள். அரியலூர்ச் சுண்ணாம்புச் சுரங்கங்களில் எடுத்த அம்மோனைட்டை நான் பள்ளிச் சுற்றுலாவில் தொட்டுப் பார்த்திருக்கிறேன், அந்தப் பாறைகளில் ஒரு பகுதி இதே காலத்தவை. உலகத்தின் இரண்டு பக்கம் இரண்டு கடல்கள், இரண்டும் வற்றி, ஒரே வகை ஓட்டை மிச்சம் வைத்திருக்கின்றன. அதை அப்பாவிடம் சொன்னபோது என் தொண்டை அடைத்துக்கொண்டது, ஏன் என்று தெரியவில்லை.

மூன்று மணிக்கு மண் காய்ந்த மாதிரி தெரிந்ததும் சேஜ் கிரீக் ரிம் ரோட்டில் திரும்பினோம். அது சரளைச் சாலை. பிரெய்ரி நாய்களின் ஊர் இங்கேதான் இருக்கிறது. நாய் என்று பெயர், உண்மையில் அணில் குடும்பம். ஒவ்வொரு வளை வாயிலிலும் ஒன்று நிமிர்ந்து நின்று, நாங்கள் நெருங்கியதும் உடம்பையே தூக்கிப்போட்டுக் கீச்சென்று கத்தி மற்றவற்றுக்குச் சேதி சொல்லிவிட்டு உள்ளே போகிறது. இவற்றை மட்டுமே நம்பி வாழ்கிற ஒரு விலங்கு உண்டு, கருங்கால் ஃபெரெட், நம் கீரி மாதிரி இருக்கும். உலகத்திலேயே இல்லை என்று முடிவு கட்டியிருந்தார்கள். 1981இல் வயோமிங்கில் ஒரு பண்ணை நாய் செத்த ஃபெரெட் ஒன்றைக் கவ்விக்கொண்டு வந்ததால்தான் மிச்சம் இருப்பது தெரிந்தது. கடைசியில் பிடித்து வளர்த்தது வெறும் 18. அவற்றின் வாரிசுகளை 1994இல் இங்கே கொண்டுவந்து விட்டார்கள். அவை ராத்திரியில் திரிபவை, நாங்கள் பார்க்கவில்லை.

பைசன் என்ற காட்டெருமைகளைப் பார்த்தோம். 1963இல் திரும்பக் கொண்டுவந்த மந்தையின் வழி வந்தவை. மேட்டின் அந்தப் பக்கம் அறுபது எழுபது இருக்கும், செங்கல் நிறத்தில் கன்றுகளோடு. 100 கஜம் தள்ளியே நிற்கணும். காற்று எங்கள் பக்கம் வீசியதால் அவை புல்லை இழுத்து அறுக்கிற சத்தம்கூடக் கேட்டது. தொழுவத்தில் ராத்திரி கேட்கிற அதே சத்தம் என்றார் அப்பா.

நன்றாகப் பார்க்கலாம் என்று இவர் வண்டியைச் சரளையிலிருந்து ஓரமாக ஒதுக்கினார், வலது பக்கச் சக்கரம் இரண்டும் இறங்கிவிட்டன. மேலே காய்ந்த பொருக்கு, அடியில் நேற்றைய மழை அப்படியே. முடுக்க முடுக்க ஆழமாகப் போனது. இறங்கித் தள்ளலாம் என்றால் ஒவ்வொரு காலடியிலும் செருப்போடு இரண்டு கிலோ களி ஒட்டிக்கொண்டு வருகிறது, உதறினால் போகாது. இங்கே அதை கம்போ என்கிறார்கள். செல்போனில் சிக்னல் இல்லை. அப்பாதான் அமைதியாக இருந்தார். "மாப்ள, முடுக்காதீங்க, அது இன்னும் கொழையும்" என்று சொல்லிவிட்டு, ஓரத்துச் சரளைக்கல்லைக் கை கையாக அள்ளிச் சக்கரத்துக்கு முன்னால் போட்டார். ஒரு மணி நேரம் கழித்து பிக்கப் வண்டியில் ஒரு பண்ணைக்காரத் தம்பதி வந்தார்கள், கயிறு கட்டி இழுத்தார்கள். அப்பா போட்ட கல்லைப் பார்த்து அந்தப் பெரியவர் தொப்பியைத் தொட்டார். பாஷை தெரியாத இரண்டு பேரும் ஆளுக்கொரு பிடி களியைக் கையில் வைத்து உருட்டிக் காட்டிச் சிரித்துக்கொண்டார்கள். என்ன கொடுத்தாலும் வாங்கவில்லை.

ராத்திரி வானம் கழுவிவிட்ட மாதிரி இருந்தது, நிலா இல்லை. பதினொரு மணிக்குப் பால்வீதி சுவருக்குப் பின்னாலிருந்து எழுந்தது. மகளை எழுப்பிக் காட்டினேன். பெரம்பலூரில் என் சின்ன வயதில் களத்துமேட்டில் படுத்துப் பார்த்ததற்குப் பிறகு இப்போதுதான் பார்க்கிறேன்.

நான்காம் நாள், ஞாயிறு

காலையில் இன்னொரு முறை கதவு வரை போய்வந்தோம். மண் மறுபடி வெடித்துப் பொரியத் தொடங்கியிருந்தது. பினாக்கிள்ஸ் வாசல் வழியாக வெளியே வந்தால் வால் ஊர். 1931இல் ஒருவர் வாங்கிய சின்ன மருந்துக்கடை, ஆள் வராமல் கஷ்டப்பட்டிருக்கிறது. 1936இல் அவர் மனைவி சொன்ன யோசனைப்படி, ஐஸ் தண்ணீர் இலவசம் என்று சாலையோரம் பலகை வைத்தார்கள். அவ்வளவுதான், ஊர் முழுக்க வளர்ந்த கடையாகிவிட்டது. தண்ணீர் இன்றும் இலவசம், காப்பி ஐந்து சென்ட். தண்ணீர்ப் பந்தல் வைத்தவன் கெட்டுப்போனதாக வரலாறு இல்லை என்று அப்பா இரண்டு டம்ளர் குடித்தார்.

ரேபிட் சிட்டியில் காசு போட்டு நாமே கழுவுகிற இடத்தில் வண்டியை நிறுத்தினோம். சக்கரத்துக்கு மேல் களி சிமெண்ட் மாதிரி இறுகியிருந்தது. தண்ணீர் பட்டதும் உப்பி, இளகி, வெள்ளை வெள்ளையாக வழிந்தது. நான்கு டாலர் போட்டும் நிற்கவில்லை. மகள் ஓரத்தில் குந்தி, ஒரு கட்டியைத் தண்ணீர் எப்படிச் சுற்றி அறுக்கிறது என்று பார்த்துக்கொண்டிருந்தாள். அப்பா சட்டைப் பையில் துழாவி இன்னொரு கால் டாலர் நாணயத்தை எடுத்து நீட்டினார்.